பாட்டன் பெயர் என்ன, தோழரே?

ஆண்டுதோறும் நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியிலே வ.உ.சி. சிலைக்கு மாலை விழுகிறது. துறைமுகத் தொழிலாளி வருகிறான். உப்பளத்துத் தொழிலாளி வருகிறான். கொடி பிடித்த தோழர்கள் அணியணியாக வருகிறார்கள். "கப்பலோட்டிய தமிழன் வாழ்க!" என்ற முழக்கம் கடற்கரை வரையில் கேட்கிறது. நல்லது, முழங்க வேண்டியதுதான்.

மாலையைப் போட்டுவிட்டுப் படியிறங்கி வரும் தோழரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறோம். வ.உ.சி. என்ற மூன்று எழுத்துகளில் நடுவே நிற்கும் 'உ' யார்? "அவருடைய தகப்பனார் உலகநாத பிள்ளை" என்று உடனே பதில் வருகிறது. சொந்த ஊர்? ஒட்டப்பிடாரம். பிறந்த ஆண்டு? 1872. மறைந்த ஆண்டு? 1936. நூற்றுக்கு நூறு மதிப்பெண்! அடுத்த கேள்வி: உங்கள் பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன? அவர் எந்த ஊரிலிருந்து வந்தார்? இந்தக் கடற்கரையில் எந்தத் தோணியில், எந்த ஆலையில், எந்த அளத்தில் உழைத்தார்?

தோழர் தலையைச் சொறிகிறார். "ஆச்சி இருந்தவரையில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அண்ணாச்சி. நான்தான் காதில் வாங்கவில்லை" என்கிறார்.

அவரைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. எழுதுகிற நமக்கும் இதே நிலைதான். தகப்பன் பெயர் நம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. பாட்டன் பெயருக்கு அந்த ஓர் எழுத்தும் இல்லை. பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் 'பெயரன்' என்று சொல்லி, அதுவே 'பேரன்' ஆயிற்று என்பார்கள். பெயரை மறந்த பெயரன்களாக நாம் இருக்கிறோம்!

சீமான்களுக்கு மட்டுமா பரம்பரை?

"கூலி உயர்வைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு, பாட்டன் பூட்டன் கதை எதற்கு? அது சீமான்களின் பொழுதுபோக்கு அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகக்கூடாது.

சீமான்களுக்கு இந்தத் தேடுதல் தேவையே இல்லை. அவர்கள் பரம்பரையைச் செப்பேடு சொல்லும், கல்வெட்டு சொல்லும், ஜமீன் வழக்கின் தீர்ப்பு சொல்லும். யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைத் தத்து எடுத்தார் என்பதெல்லாம் வெள்ளைக்காரன் அச்சடித்த புத்தகத்திலேயே இருக்கிறது. நம் முத்துக்கரையிலும் அப்படித்தான். சாதித் தலைவருக்கு என்ன மரியாதை, என்ன பங்கு என்பதைப் போர்த்துகீசியனும் டச்சுக்காரனும் ஆங்கிலேயனும் கவனமாக எழுதி வைத்தார்கள். மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனவன் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கரையைப் பற்றி எழுதினார். முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா கடிக்காமல் மந்திரம் ஓதுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. கணக்கு துல்லியமாக இருக்கிறது. குளித்தவன் பெயர் ஒன்று கூட இல்லை! ஆங்கிலேயர் காலத்துச் சலாபத்திலே சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரித்தார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு. எத்தனை ஆயிரம் சிப்பி, ஏலத்தில் ஆயிரத்துக்கு என்ன விலை என்பதெல்லாம் அறிக்கைகளில் அச்சாகி இருக்கிறது. சிப்பிக்குக் கணக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை. தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ஆம் ஆண்டில். அன்று இருபது வயதில் குளித்தவருக்கு இன்று எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். நாம்தான் போய்க் கேட்கவில்லை.

ஆகவே, பரம்பரை தேடுவது சீமானுக்குத்தான் பொழுதுபோக்கு. பாட்டாளிக்கு அது பறிபோனதை மீட்கும் வேலை.

காகிதம் இல்லாதவனுக்கு நாடு இல்லை

பெருமையை விட்டுவிடுவோம், பிழைப்பைப் பேசுவோம். பாட்டன் பெயருக்கு அத்தாட்சி இல்லாததால் இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகள் நாடற்றவர்களாக நின்ற கதை, இந்தத் தூத்துக்குடித் துறையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் நடந்தது.

1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் படகும் வருவதற்கு முன்னால், கொழும்புக்குப் போகிற பெருவழி தூத்துக்குடிதான். பஞ்சம் துரத்திய குடும்பங்கள் கங்காணியின் பின்னே நடந்து வந்தன. அருகிலுள்ள தட்டப்பாறையில் இலங்கை சர்க்காரின் கூலி முகாம் இருந்தது. அங்கே தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்து, தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன தொழிலாளியைப் பாருங்கள். 1860-இலிருந்து 1911 வரையில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவன் அடிமை போலத்தான் நடத்தப்பட்டான். ஆனால் கப்பல் பட்டியலில் அவனுடைய எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதியதுதான்! ஆயினும் அவனுடைய கொள்ளுப்பேரன் இன்று அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்து, தன் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். மொரீஷியஸில் மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இப்படிப்பட்ட பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இலங்கைக்குப் போனவனுக்கு அந்த ஒப்பந்தமும் இல்லை. அவனுக்கு இருந்தது 'துண்டு'. இவன் இவ்வளவு கடன்பட்டவன். கடனைத் தீர்ப்பவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்ற சீட்டு. 1921-இல் துண்டு முறை ஒழிந்தது. சீட்டைக் கிழித்தார்கள், அதோடு அவனுடைய சரித்திரமும் கிழிந்தது.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு. அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்டு என்றது சட்டம். லயத்துக் காம்பராவில் பிறந்தவனுடைய பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? தேயிலையை நட்டவன் கை கட்டி நின்றான். குடியுரிமை போயிற்று, அதன் பின்னே வாக்குரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரியும் சிறீமாவோவும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்! 1974-இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பங்கிட்டார்கள். சிப்பியைக் குவியல் பிரித்தார்கள் என்று மேலே சொன்னோமே. அதைப் போலவே மனிதர்களையும் குவியல் பிரித்தார்கள். இலங்கையில் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

கடலுக்கு அப்பாலுள்ள கதை என்று நினைக்க வேண்டாம். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நம் மாநிலத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரையோ தாய் தகப்பன் பெயரையோ தேடித் தொழிலாளர் வீடுகள் பட்டபாட்டை நாம் கண்ணால் பார்த்தோம். பழைய பட்டியலில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாததும் சோற்றுப் பிரச்சினையாக ஆகலாம் என்பதை இனியும் ஒருவர் விளக்க வேண்டுமா?

பெயர்கள் எங்கே கிடக்கின்றன?

நம்மவர்களைப் பற்றி எழுதியவர்கள் நம்மவர்கள் அல்ல. வரி வாங்கியவன் எழுதினான்; வேலை வாங்கியவன் எழுதினான்; சிறையில் தள்ளியவன் எழுதினான்; மதத்தில் சேர்த்தவன் எழுதினான். அவர்கள் எழுதியதிலிருந்துதான் நம் பாட்டன்மாரைத் தோண்டி எடுக்க வேண்டும்.

கடற்கரைத் தோழர்களுக்குக் கோயில் ஏடுகள் இருக்கின்றன. 1530-களில் பரதவர்கள் கிறித்தவரானார்கள். 1542-இல் சவேரியார் வந்தார். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குகளில் பதிந்து வைப்பது பழைய வழக்கம். வேம்பாறு முதல் மணப்பாடு வரையில் எந்தப் பங்கிலே எந்த ஆண்டு முதல் ஏடு மிஞ்சியிருக்கிறது என்று பங்குத்தந்தையிடம் மரியாதையாகக் கேளுங்கள். பிள்ளை, தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் என்று நான்கைந்து பெயர்கள் ஒரே வரியில் கிடைக்கும். ஆனால் எச்சரிக்கை! பர்னாந்து என்றும், மச்சாது என்றும், ரோச் என்றும் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரத்த உறவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவை போர்த்துகீசியர் காலத்தில் மதத்தோடு வந்த பெயர்கள். ஒரே பெயரில் நூறு குடும்பங்கள் இருக்கும். தாயின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் சேர்ந்து பொருந்தினால்தான் நம்பலாம். முஸ்லிம் தோழர்கள் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம்.

1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியை டச்சுக் கம்பெனி பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனியின் முத்திரையில் இருந்ததும் வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்துகள்தாம்! ஒரு வி.ஓ.சி. நம் கடலைக் கொள்ளை கொண்டது. இரண்டரை நூற்றாண்டு கழித்து இன்னொரு வ.உ.சி. அதே கடலில் நமக்காகக் கப்பல் விட்டார். அந்தக் கம்பெனியின் ஏடுகள் திஹேக், ஜகார்த்தா, கேப் டவுன் நகரங்களில் மட்டுமல்ல, கொழும்பிலும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. டச்சு மொழி நமக்குத் தெரியாது. நம் பிள்ளைகளில் ஒருவர் படிக்கட்டுமே!

தூத்துக்குடி நகராட்சி 1866-இல் அமைந்தது. பிறப்பு இறப்புப் பதிவுகளை அங்கே தேட வேண்டும். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். பாதிப் பேருக்குத் தலைமையாசிரியர்தான் தேதி வைத்தவர்! நிலம் உள்ளவருக்குப் பட்டாவும் பத்திரமும் உண்டு. நிலமே இல்லாத, சேரியில் ஒதுக்கிவைக்கப்பட்ட தோழர்களின் பாட்டன்மார்கள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. அவர்களைப் பள்ளிப் பதிவேட்டிலும், ஆலையின் மஸ்டர் ரோலிலும், ஆஸ்பத்திரிக் கணக்கிலும், வழக்குக் கட்டிலும்தான் தேட முடியும். ஆகவே அவர்கள் விஷயத்தில் இருமடங்கு உழைப்பு வேண்டும்.

1908-இல் நின்றவர்கள் யார்?

1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தூத்துக்குடி கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். வ.உ.சி.யும் சிவாவும் பேசினார்கள்; முடிதிருத்தும் தொழிலாளியும் வண்டிக்காரரும் துணை நின்றார்கள்; ஹார்வி நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதானதும், அதே தொழிலாளிகள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள், இம்முறை தங்கள் கூலிக்காக அல்ல, தங்கள் தலைவருக்காக! திருநெல்வேலியில் மார்ச் 13-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

தலைவர்கள் பெயர் நமக்கு மனப்பாடம். அந்த ஆயிரம் பேரில் ஐந்து பேருடைய பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்! அவர்கள் வானத்திலிருந்து வந்தவர்களா? உங்கள் தெருவில் இருந்தவர்கள். உங்களில் சிலருடைய பூட்டன்மார்கள்.

கண்டுபிடிக்க முடியாது என்று கைவிரிக்க வேண்டாம். ஆராய்ச்சியாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி அந்த எழுச்சியைப் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூலுக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு தனிமனிதர் அவ்வளவு செய்ய முடியுமானால், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற நாம் சேர்ந்து எவ்வளவு செய்யலாம்!

செய்யாவிட்டால் என்ன ஆகும்? சில ஆண்டுகளுக்கு முன் மூடிக்கிடந்த ஓர் ஆலையின் பழைய பதிவேடுகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போயின. இரண்டு மூன்று தலைமுறைத் தொழிலாளிகளின் பெயரும் தகப்பன் பெயரும் அந்த மூட்டைகளில் இருந்தன. கடலை மடிக்கக் காகிதம் ஆயிற்று! நிர்வாகத்தைத் திட்டி நாம் அன்று நாலு வரி எழுதினோம். ஆனால், "அந்தக் காகிதத்தை எங்களிடம் கொடுங்கள்" என்று கேட்க நம்மில் ஒருவரும் போகவில்லை. குற்றம் அவர்களுடையது மட்டுமா?

சேர்ந்து தேடுவோம்

தனியாகத் தேடுகிறவனுக்குப் பாதி வழியில் கால் ஓய்ந்துவிடும். சேர்ந்து தேடினால் ஒருவர் துப்பு மற்றவருக்கு விளக்காகும். "எங்கள் தாத்தா கொழும்புத் தோணியில் தண்டலாக இருந்தார், தோணியின் பெயர் தெரியும், ஆண்டு தெரியாது" என்பார் ஒருவர். "அதே தோணியில்தான் எங்கள் பாட்டையா போனார், திரும்பி வந்த ஆண்டு எங்கள் பெரியப்பா பிறந்தார்" என்பார் அடுத்தவர். இரண்டு அரைகுறைகள் சேர்ந்து ஒரு முழு உண்மை ஆகும். சங்கம் என்றால் என்ன? கூலிக்காக ஒருவர் கையை ஒருவர் பிடிப்பது மட்டுமா? நினைவுக்காகவும் பிடிக்கலாம்.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். முதலில் வீட்டிலுள்ள முதியவர்களைக் கேளுங்கள். அதிலும் பெண்களை முதலில் கேளுங்கள். ஆண்பிள்ளை சண்டையை நினைவு வைத்திருப்பான். யார் யாருக்குப் பிள்ளை, எந்தப் புயலுக்கு முந்தைய பிரசவம், யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம் ஆச்சிக்குத்தான் தெரியும். சொன்னவர் பெயரையும் கேட்ட தேதியையும் எழுதுங்கள். கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு. இரண்டையும் கலக்க வேண்டாம். பெட்டியடியில் கிடக்கும் பழைய ரேஷன் அட்டை, சங்கச் சந்தா ரசீது, டோக்கன் தகடு, இலங்கைக் கடிதம், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை எதையும் எறியாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். பிறகு ஏட்டைத் தேடிப் போங்கள். கொழும்பிலும் மலையகத்திலும் உள்ள உறவினர்களுக்கும் தோழர்களுக்கும் எழுதிக் கேளுங்கள். அவர்களும் இதே கேள்வியோடு இக்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுகிறோம். இந்தத் தேடுதல் குலப்பெருமை பேசுவதற்கு அல்ல. "நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று மீசையை முறுக்குகிறவர்கள் நாட்டில் ஏற்கெனவே போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கிறார்கள். ஏட்டைத் திறந்தால் அரசன் கிடைக்கமாட்டான். கடன்பட்டவன் கிடைப்பான், ஓடிப்போனவன் கிடைப்பான், சாதி மாறி மணந்து ஊரை விட்டுத் தள்ளப்பட்டவள் கிடைப்பாள், ஒரு வேளைச் சோற்றுக்காகக் கப்பல் ஏறியவன் கிடைப்பான். வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்களை அப்படி வைத்தவர்கள். ஒரு வீட்டார் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால், அதை நோட்டில் எழுதாதீர்கள். அவர்கள் நம்பிக்கை நோட்டை விடப் பெரிது.

இன்னொன்றும் தெரியவரும். நான்கு தலைமுறை பின்னால் போனால், கடற்கரைக்காரனும் உப்பளத்துக்காரனும் ஆலைக்காரனும் ஒரே பஞ்சத்தில் அடிபட்டவர்கள், ஒரே கங்காணியிடம் கடன்பட்டவர்கள் என்பது தெரியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, சாதியைச் சொல்லி நம்மைப் பிரிக்க வருகிறவனுக்கு நாம் வேறு பதில் சொல்லத் தேவையில்லை. நோட்டைக் காட்டினால் போதும்.

அடுத்த நவம்பர் 18-க்கு மாலையோடு வாருங்கள், தோழர்களே. கூடவே ஒரு பெயரையும் கொண்டுவாருங்கள். 1908-இல் கோரல் ஆலை வாசலில் நின்ற ஒருவருடைய பெயர். அல்லது 1961-இல் கடைசிச் சலாபத்தில் குளித்த ஒருவருடைய பெயர். அல்லது தட்டப்பாறை முகாமில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்த ஒருத்தியின் பெயர். சிலைக்கு முன்னால் நின்று அந்தப் பெயரை உரக்கப் படியுங்கள்.

உலகநாதர் மகன் அதைக் கேட்டால் மகிழ்வார். அதற்கு முன்னால், இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மாமனார் பெயர் என்ன, ஆச்சி?" என்று கேளுங்கள்.